தண்ணிப் பாலத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை

கேட்டுவிட வேண்டும். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிளாஸ்டிக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தபோதே அஞ்சலாட்சி இதை முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு விட்டால் அப்புறம் இல்லை. செவ்வாய்க்கிழமை பயணம், இன்றைக்கு வெள்ளி, நடுவில் வேறு வெள்ளி கிடையாது. கேள்வி என்னவோ சின்னக் கேள்விதான். உங்க முதல் சம்சாரத்துக்குச் சாப்பிட என்னங்க புடிக்கும்? அவ்வளவுதான். கேட்டுவிட்டு மறுபடி வெங்காயத்தை உரிக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து பூங்காவனம் என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்ததில்லை, இவள் வாயிலிருந்தும் போனதில்லை. கூடத்தில் போட்டோ மட்டும் இருக்கிறது. சேலைக்கு மேலே சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பின்னால் மூன்றடுக்கு வளைவு வளைவாகப் பெரிய கல் பாலம், சிரிக்கிற வாயைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் அவரே எடுத்துத் துடைத்து வைப்பார். துடைக்கும்போது அஞ்சலாட்சி சமையல்கட்டில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொள்வாள். துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைப்பதற்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

"அஞ்சலாட்சி, இங்க கேளு. நீம் ஊர்ல வட்டமா அரேனா இருக்குதுல்ல, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால ரோமாக்காரன் கட்டனது. இன்னமும் அதுல மாடு வுடறாங்க." கூடத்திலிருந்து கலிவரதன் குரல். கம்ப்யூட்டர் முன்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும், தேடிக்கொண்டிருப்பார், பார்க்காமலே சொல்லலாம். "மாடாங்க?" என்றாள் இவள். "மாடுதான். நம்மூரு மஞ்சுவிரட்டு மாரி." "மாட்டுப் பொங்கலுக்கா?" "அதெல்லாம் இல்ல, இவனுங்களுக்கு ஏது பொங்கலு, கோடையில வுடுவானுங்க." அப்படியா என்று சொல்லிவிட்டு ஒரு வெங்காயத்தின் தோலை இழுத்தாள். ஊறப்போட்டும் கண் எரிகிறது. இப்போது கேட்டிருக்கலாம். மாட்டைப் பற்றிப் பேசுகிற சூட்டோடு சூடாக, ஏங்க, அக்காவுக்கு என்னா புடிக்கும் என்று. மாட்டுக்கும் அக்காவுக்கும் நடுவில் எப்படிப் போவது? வழி இல்லை. முதலில் கோயில், தோட்டம் ஏதாவது வரட்டும், அதிலிருந்து சாமி, சாமியிலிருந்து படையல், படையலிலிருந்து அக்கா என்று படிப்படியாக இறங்கலாம். மனசுக்குள் படிக்கட்டைக் கட்டிப் பார்த்தாள். கட்டிய பிறகு முதல் படியிலேயே காலை வைக்கப் பயமாக இருந்தது.

பயணத்தை ஆரம்பித்தவர் அவர்தான். போன மாதம் டிராமுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது, கையைக் கோட்டுப் பையில் விட்டபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணுமே காட்டலியே நானு" என்றார். காட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஐஃபல் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாயிற்று, கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். லா ஷப்பேலில் நம்ம ஆட்கள் கடைகள், விசா ஆபீஸ் வரிசை, அவர் மகள் அமுதா வீடு. அதற்குமேல் அஞ்சலாட்சி எதிர்பார்த்ததும் இல்லை. தெற்கே வெயில் இருக்கும், உனக்குக் குளிர் ஆகலை, ரோமாக்காரன் கட்டின ஊருங்க இருக்குது, ரெண்டு ராத்திரி தங்கி வரலாம் என்று அவர் சொன்னபோது, இரண்டு ராத்திரி என்ற இடத்தில் இவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயசில் இது என்ன கூத்து. கல்யாணமாகி வந்து இவ்வளவு காலமாகியும் இந்த வீட்டில் இருப்பது ஒரு பெரிய வீட்டில் விருந்தாளியாகத் தங்குவதுமாதிரிதான் இருக்கிறது. நல்ல விருந்தாளி, மரியாதையான வீட்டுக்காரர், ஒரு குறையும் இல்லை. இந்த வீட்டில் இவள் எந்தச் சாமானையும் இடம் மாற்றி வைத்ததில்லை. புளி மேல்தட்டில் இருக்கிறது, பூங்காவனம் உயரம், இவள் குட்டை, தினமும் முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்கிறாள். கீழ்த்தட்டு காலியாகத்தான் கிடக்கிறது. ஓட்டலில் எந்தச் சாமானும் யாருடைய இடத்திலும் இருக்காது. அங்கே இரண்டு பேரும் விருந்தாளி. அதை நினைத்துத்தான் சரிங்க என்றாள், உடனே, யோசிக்காமல். அப்புறம் அவர் எந்த ஊர் என்று வரைபடத்தை விரித்துக் காட்டியபோதுதான் பாலம் கண்ணில் பட்டது. நீம் ஊருக்குப் பக்கத்திலேயே. அதே பாலம். மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் போனில் தேடிப் பார்த்து, கூடத்துப் போட்டோவோடு வளைவுகளை ஒத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமாக்காரன் கட்டிய பாலமாம்.

அன்றிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு முள். எதற்காகப் போகிறோம்? எனக்கு வெயில் காட்டவா, இல்லை, அவளைப் பார்க்கவா? பார்க்கத்தான் போகிறார் என்றால் அதில் என்ன தப்பு, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள், பெண்ணைப் பெற்றுக் கொடுத்தவள், கண்காணாத தேசத்தில் இந்தக் குளிரில் இவருக்கு ஆக்கிப் போட்டவள். பார்க்கட்டும். ஆனால் அப்படியென்றால் என்னை எதற்கு, துணைக்கா, பை தூக்கவா? சீ, என்ன நினைப்பு இது. பை தூக்க விடுவாரா அவர், ரொட்டி வாங்கி வருகிற பையைக்கூடக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற மனுஷர். பாலத்துக்குக் கீழே நிற்க வைத்து எனக்கும் ஒரு போட்டோ எடுப்பாரா? எடுத்தால் எங்கே மாட்டுவார்? அந்தப் போட்டோவுக்குப் பக்கத்திலா? எடுக்காவிட்டால் அதைவிட மோசம். அஞ்சலாட்சி ஒரு வெங்காயத்தை உரித்து, உரித்ததைத் தோல் பக்கம் போட்டு, தோலைக் கிண்ணத்தில் போட்டாள். பார்த்துவிட்டு மாற்றினாள். இன்னொரு விஷயமும் கவனித்திருக்கிறாள். இவர் எல்லா இடத்தையும் சொல்கிறார், பாலத்தை மட்டும் சொல்வதில்லை. அரேனா சொல்வார், பழைய கோயில் சொல்வார், தோட்டம், குன்றுமேல் கோபுரம் சொல்வார், அடுத்து பாலம்தான் வர வேண்டும், அந்த இடத்தில் ஒரு இருமல். இருமிவிட்டு, "ஆர்லுக்குப் போனா அங்கயும் ஒரு அரேனா இருக்குது" என்பார். மறுநாள் ஒரான்ஷ் என்பார், அங்கே பெரிய நாடகக் கொட்டகையாம், சுவர் அப்படியே நிற்கிறதாம். அதற்கு மறுநாள் பழையபடி நீம். இதுவரை ரயில் டிக்கெட் எடுத்தபாடில்லை. செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம் என்பது மட்டும் கல்லில் வெட்டியாயிற்று, எங்கே என்பது அந்தரத்தில் தொங்குகிறது. சொல்தாவாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இத்தனை வருஷம் இருந்த மனுஷர், ஒரு சண்டையைக்கூட இவ்வளவு யோசித்துப் போட்டிருக்க மாட்டார். பாலத்தை அவளுக்காக மூடி வைத்திருக்கிறார், என் காது படச் சொல்லக்கூட மனசு வரவில்லை. அப்படித்தான் அஞ்சலாட்சிக்குப் பட்டது.

அதற்கும் படையலுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் இல்லாமலும் இல்லை. அவள் பிறந்த வீட்டுப் பக்கம் பூவும் பொட்டுமாகப் போன பொம்பிளை வீட்டை விட்டுப் போவதில்லை, பூவாடைக்காரியாக அங்கேயே இருப்பாள். நல்லது கெட்டதுக்கு, ஊர் எல்லையைத் தாண்டுகிற பயணத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை பார்த்து அவளைத் தண்ணீரிலிருந்து கூப்பிட்டு, செம்பில் வைத்து, சேலை பூ எல்லாம் சார்த்தி, அவள் வாய்க்குப் பிடித்ததை ஆக்கிப் படைத்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதிலும் அவள் இடத்துக்கு இளையாளாக வந்தவள் சொல்லாமல் கிளம்புகிற பேச்சே கிடையாது. அஞ்சலாட்சியின் பெரியம்மா இரண்டாந்தாரம்தான். படையல் போடும்போது மூத்தாளோடு சண்டையே போடுவாள். "இந்தா, உனக்குப் புடிச்ச சுறாப்புட்டு, தின்னுட்டு சும்மா குந்திக்கினு இருக்காத, என் புள்ளைக்கு ஜுரத்த எறக்கு" என்று உரிமையாகத் திட்டுவாள். ஜுரம் இறங்கவும் செய்யும். செத்தவளோடு அப்படி வழக்காட ஒரு உறவு வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், என்ன பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வில்லியனூரில் இவர்கள் கல்யாணத்துக்கு முதல் நாள், அவருடைய அக்காவே கேட்டார், பூவாடை அழைக்கலாமா தம்பி என்று. "அதெல்லாம் வேணாம்" என்றார் கலிவரதன். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாசலில் குழாயடியில் போய் ரொம்ப நேரம் நின்றார், தண்ணீரைத் திறப்பதும் மூடுவதுமாக. அதோடு அந்தப் பேச்சு போயிற்று. இவளும் மூத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே விமானம் ஏறிவிட்டாள். அதனால்தானோ என்னவோ வந்து சேர்ந்த மாதிரியே இல்லை.

சேலை வாங்கிவிட்டாள். அது சுலபம். புதுச்சேரியில் கூட்டுறவுத் துணிக்கடையில் சேலைப் பிரிவில் காலமெல்லாம் நின்றவள் அஞ்சலாட்சி. உள்ளே வருகிற பொம்பிளை செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே கரை பெரிசா சின்னதா என்று சொல்லிவிடுவாள். உங்களுக்கு என்னா கலருக்கா புடிக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அவருக்குப் பச்ச புடிக்கும் என்பார்கள், பொண்ணு ரோஸ் எடுக்கச் சொன்னா என்பார்கள். உங்களுக்குக்கா, உங்களுக்கு என்று இரண்டாம் தரம் கேட்க வேண்டும். அப்போது முகத்தில் ஒரு வெட்கம் வரும், கை தானாக ஒரு சேலை மேல் போகும். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் பூங்காவனத்தின் சேலைகளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நீலம்தான். கடுகுக் கரை போட்ட நீலம். ஆனால் நாக்குக்குப் பெட்டி இல்லையே. சமையல்கட்டு முழுக்க அவள் கைதான். மசாலா பையில் ரப்பர் பேண்ட் போட்ட விதம்கூட இன்னும் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து அவள் என்னென்ன சமைத்தாள் என்று தெரிகிறது. சென்னாக்குன்னிக் கருவாடு இருக்கிறது, சுண்ட வற்றல் இருக்கிறது, கொள்ளு இருக்கிறது. அத்தனையும் அவருக்கு. கொள்ளு ரசம் அவருக்கு, குன்னித் தொக்கு அவருக்கு, கேக் மாவு டப்பா பெண்ணுக்கு. தனக்கென்று எதை வாங்கி வைத்தாள்? ஒரு பொம்பிளை சமையல்கட்டில் அவளைத் தவிர எல்லாரும் இருப்பார்கள் போலிருக்கிறது. அஞ்சலாட்சிக்கு எனக்கென்ன பிடிக்கும் என்று ஒரு யோசனை குறுக்கே வந்தது. அதைத் தள்ளி வைத்தாள். இப்போது அது முக்கியமில்லை.

"தோட்டம் ஒண்ணு இருக்குது, அதுக்குள்ள ஊத்து. சாமியா கும்புட்டிருக்கானுங்க அந்த ஊத்த" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. ஊற்று. சாமி. படிக்கட்டு தானாக வந்து நிற்கிறது. அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். "தண்ணியவா கும்புட்டாங்க?" "தண்ணியத்தான். அப்புறம் ஜனம் பெருத்துப்போச்சி, ஊத்துத் தண்ணி பத்தல, மலையில இருந்து ஊருக்குள்ள தண்ணி கொண்டாரணும்னு..." ஒரு இருமல். "ஆர்ல்ல பாத்தியானா கல் சவப்பெட்டி வரிசையா வெச்சிருக்கானுங்க, ரெண்டு பக்கமும் மரம், நடக்கறதுக்கு நல்லா இருக்கும்." மலையிலிருந்து தண்ணீர் எதன் மேல் வந்தது என்று அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். பாலத்தைச் சொல்லாமல் சவப்பெட்டிக்குத் தாவுகிறார் மனுஷர். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாப் பழியையும் வெங்காயத்தின் மேல் போட்டாள். தண்ணீர் பத்தவில்லையென்று மலையைத் தாண்டிக் கூட்டி வந்தவர்கள். நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அரிக்கமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டு. ரோமாக்காரன் கப்பல் கட்டிக்கொண்டு வந்த இடம் என்றார் வாத்தியார். பார்த்தால் மாந்தோப்பு, செங்கல் சுவர், ஆறு. எதுக்கு சார் வந்தான் என்று கேட்டதற்குத் துணிக்கும் மணிக்கும் என்றார். இப்போது துணிக்கடைக்காரி பதிலுக்குப் போகிறாள். இந்த வேடிக்கையை அவரிடம் சொன்னால் சிரிப்பார். சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்வி தொண்டையில் உட்கார்ந்துகொண்டு மற்ற பேச்சையும் மேலே வர விடுவதில்லை. இங்கே ஆறும் இல்லை, கிணறும் இல்லை, ஐந்தாவது மாடிக் குழாயிலிருந்துதான் கூப்பிட வேண்டும். வருவாளா? மலை தாண்டித் தண்ணீர் வரும்போது மாடி ஏறி வரமாட்டாளா? வருவாள். வந்து என்ன சாப்பிடுவாள்?

புதன்கிழமை அமுதாவுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். பூங்காவனத்தின் பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், முதல் தடவை கன்னத்தில் முத்தம் கொடுத்து "அஞ்சலாட்சி" என்றபோது தூக்கிவாரிப் போட்டது. இப்போது அந்தப் பெயரை இந்தப் பூமியில் அவள்தான் ஆசையாகச் சொல்கிறாள் என்று தோன்றுகிறது. "அமுதா, உங்க அம்மாவுக்குச் சாப்பிட என்னா புடிக்கும்மா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் பின்னால் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மாவுக்கா? அம்மாவுக்கு எல்லாமே புடிக்கும். இரு. இல்ல. அம்மா எங்களுக்கு வெச்சிட்டு அப்புறம்தான உக்காருவாங்க, நான் பாத்ததே இல்ல அஞ்சலாட்சி." குரல் உடைந்துவிட்டது. "எனக்கு எப்படித் தெரியாம போச்சி? பப்பாவக் கேளு. நீ கேட்டா பப்பா சொல்லுவாங்க." நீ கேட்டால் சொல்லுவாங்களாம். அதிலிருந்து இரண்டு நாள் இந்த வார்த்தையை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். தெரியாது என்று அவர் சொல்லிவிட்டால்? முப்பது வருஷம் கூட இருந்தவளைப் பற்றியே தெரியாது என்றால் நேற்று வந்தவளைப் பற்றி என்ன தெரியப்போகிறது. சரி, தெரிந்திருந்தால்? இன்னது, இன்ன பக்குவத்தில், இன்ன பாத்திரத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்? அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட முடியுமா? எது வந்தாலும் அடி எனக்குத்தான் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். அப்படியானால் எதற்குக் கேட்க வேண்டும்? பேசாமல் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிடலாம், சர்க்கரைப் பொங்கல் பிடிக்காது என்று சொன்னவர்கள் யார். மூத்தவள் பெருந்தன்மையாகச் சாப்பிட்டுவிட்டுப் போவாள், நாமும் செவ்வாய்க்கிழமை போய் இரண்டு ராத்திரி தங்கி, கல்லைப் பார்த்து, திரும்பி வந்து, முக்காலி போட்டுப் புளியை எடுக்கலாம். சாகிற வரைக்கும் எடுக்கலாம்.

வெங்காயம் முடிந்துவிட்டது. கை காலியாக இருந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும், துணிச்சல் ஒன்றும் இல்லை. "ஏங்க" என்றாள். குரல் சமையல்கட்டைத் தாண்டவில்லை. எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்து வாசல் வரை போனாள். அவர் முதுகுதான் தெரிந்தது. கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. "ஏங்க, அக்காவுக்குச் சாப்பிட என்னாங்க புடிக்கும்?"

கலிவரதன் திரும்பவில்லை. திரையில் ஏதோ ஊர் வரைபடம், அதன் மேல் அம்புக்குறி அப்படியே நின்றது. கீழே டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. தப்பு பண்ணிவிட்டேன் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். குழாயடியில் நின்ற அதே முதுகு. இனி செவ்வாய்க்கிழமையும் இல்லை, ஒன்றும் இல்லை, நல்ல விருந்தாளியாக இருந்திருக்கலாம். "இல்லீங்க, பயணம் போறமே, போறதுக்கு முன்ன ஒரு படையல் வெச்சிட்டா, எங்க பக்கத்துல வழக்கம், நீங்க வேணாம்னா வேணாம், நான் சும்மாதான்" என்று உளறிக்கொண்டே போனாள். பூ வாங்கி வைத்திருப்பதையும் சேலை வாங்கியதையும் கேட்காமலே ஒப்பித்தாள்.

"காந்தல்" என்றார் கலிவரதன்.

இவளுக்குப் புரியவில்லை. "காந்தலு. அடிப்புடிச்சது." இப்போது திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று. இந்த முகத்தை அஞ்சலாட்சி பார்த்ததில்லை. "பால் சோறு பொங்கினா வேணும்னே அடிப்புடிக்க வுட்டுருவா. மேலாக எங்களுக்கு வெச்சிட்டு, நாங்க எழுந்தப்புறம் கரண்டியால சுரண்டுவா. சர்ரு சர்ருன்னு சத்தம் இங்க கேக்கும். நானும் பாவம், நமக்குப் போட்டுட்டுத் தீஞ்சத தின்னுதேன்னு நெனச்சி, ஒரு நா நல்ல சோத்த எடுத்துக்கினு போயி, இத சாப்புடுன்னேன். சட்டிய ரெண்டு கையால கட்டிப் புடிச்சிக்கினு குடுக்க மாட்டேன்றா! இதான்யா ருசி, உனக்குத் தெரிஞ்சா பங்கு கேப்பன்னுதான் சொல்லல, யார்கிட்டயும் சொல்லாதன்னுட்டா." மூக்கைச் சீந்திக்கொண்டார். "அமுதாவுக்கே தெரியாது. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டதான்."

உன்கிட்டதான். அடி விழும் என்று காத்திருந்த இடத்தில் அடி விழவில்லை. என்ன விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு உயரமான பொம்பிளை சமையல்கட்டில் நிற்பது அஞ்சலாட்சிக்கு அப்படியே தெரிந்தது. பொறாமை வரட்டும் என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். வரவில்லை. அவளைப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு நாள் பயந்தது இப்படி ஒருத்திக்கா? கள்ளி. ஊரெல்லாம் தியாகம் என்று நினைக்க, தனக்குப் பிடித்ததை ஒளித்து வைத்துத் தின்றவள். துணிக்கடைக்கு வந்திருந்தால் முதல் கேள்விக்கே நீலம் என்று கையை வைத்திருப்பாள். "ஏங்க வேணாம்னீங்க அன்னிக்கி, வில்லியனூர்ல?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் கேட்டது தெரிந்தது. ஒரு கேள்வி போனதும் மற்றதெல்லாம் பின்னாலேயே கிளம்பி வருகிறது. "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான். வந்த அன்னிக்கே செத்தவளுக்கு சேலை வெய்யின்னா எந்தப் பொம்பளைக்கு நல்லாருக்கும்? அப்புறம் நீயா கேப்பன்னு பாத்தேன், நீ கேக்கல. சரி, புடிக்கல போலன்னு வுட்டுட்டேன்." "நான் உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன்." இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இதற்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தால் வெட்கக்கேடு, ஆகையால் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"பாலமும் அதான்" என்றார் திரையைப் பார்த்துக்கொண்டு. "அங்க கூட்டிக்கினு போவணும்னு ஆசதான். அந்தப் பக்கத்துல அத மாரி ஒண்ணு கெடையாது. கல்லு மேல கல்லு, நடுவுல சுண்ணாம்பே இல்லாம நிக்குது. ஆனா அவளோட போன எடம். அங்க உன்ன நிக்க வெச்சா நீ என்னா நெனைப்ப. போவாம வந்தா, ஏன் போவலன்னு நெனைப்ப. ஆர்ல்னு பாத்தேன், ஒரான்ஷ்னு பாத்தேன். எந்தப் பக்கம் சுத்தினாலும் அந்தப் பாலத்துலதான் கொண்டாந்து வுடுது." இரண்டு வாரமாக இருமியது இதற்குத்தான். அஞ்சலாட்சிக்கு அவர் மேல் அப்படி ஒரு வாத்சல்யம் பொங்கியது, பக்கத்தில் போய் அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தாள். பகலில், ஜன்னல் திறந்திருக்க, இப்படி அவரைத் தொடுவது இதுதான் முதல் தடவை. "பாலத்துக்கே போவலாம்ங்க" என்றாள். "அக்கா பாத்த எடம்தான. வழி தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இருந்தா நல்லதுதான். ஆனா ஒண்ணு, அந்தச் சவப்பெட்டி பாக்கற ஊரு வேணாம். மாடு வுடற எடத்துல மேல் வரிசையில குந்தணும் எனக்கு." "மாடு கோடையிலதான் வுடுவான்." "பரவால்ல. சும்மா குந்தறன்." இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது வருகிற வெட்கம் தன் முகத்திலும் வந்ததை அவளே உணர்ந்தாள். கலிவரதன் டிக்கெட்டை எடுத்தார்.

பால் சோறு அவளே பொங்கினாள். குழாயில் செம்பைப் பிடித்து, பூச்சுற்றி, நீலச் சேலையை மடித்து வைத்துவிட்டு வருவதற்குள் சோறு குழைந்துவிட்டது. பின்னாலேயே அவரும் வந்து அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார். நெருப்பே தெரியாத இந்தக் கண்ணாடி அடுப்பில் எப்போது அடிபிடிக்கும் என்று யாருக்குத் தெரியும். முதலில் இனிப்பு வாசனை வந்தது. அப்புறம் அதற்குள்ளிருந்து இன்னொரு வாசனை, பழுப்பாக. அஞ்சலாட்சியின் கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. எதையும் தீய விடாமல் பழகின கை, பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. "இன்னும் கொஞ்சம்" என்றார் அவர். கையை இழுத்துக்கொண்டாள். அரை வாழ்க்கை முடிந்துபோன இரண்டு பேர், நல்ல சோறு தீய்கிறதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவர் தோள் இவள் தோளில் பட்டது, எடுக்கவில்லை. ஓரத்தில் லேசாகப் புகை வந்தது. கலிவரதன் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறக்கப் போனார்.

"வாங்கக்கா" என்றாள் அஞ்சலாட்சி, வீட்டுக்காரிக்கே உரிய சத்தத்தில். "பூங்காவனத்தக்கா, வாங்க. ஊருக்குப் போறோம், சாப்புட்டு எங்களோட கெளம்புங்க."